இறகுக்கொத்து

மாரண்டஹள்ளி,
17 நவம்பர் 2024

இறைவனுக்குத் தன்னை அளித்திருக்கும் நவகன்னி அன்பரசிக்கு, அத்தை ஆக்சிலியா மரியாதையுடன் வரையும் மடல்.

உனது கடிதம் வந்து ஒரு மாதம் கடந்த பின்னரே பதில் எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னிப்புக் கோருகிறேன். தீபாவளித் தையலைக் காரணம் காட்டலாம். அது பாதி உண்மை. மறுபாதி, துறவாடை பெற்ற ஒருத்தியை 'நீ' என்று எழுதலாமா, 'தாங்கள்' என்று எழுத வேண்டுமா என முடிவுசெய்ய இயலாமல் தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். தாயில்லாத உனக்குப் பால்பல் முளைத்த நாளிலிருந்து சோறூட்டிய உரிமையை முன்னிட்டு 'நீ' என்றே எழுதத் துணிந்தேன். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் உங்கள் பயிற்சி மதர் இதைப் பிழையாகக் கொள்ளமாட்டார் என நம்புகிறேன். நீலகிரிக் குளிர் உன் மூச்சுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கு நான் நலம். வீடும் தையல் இயந்திரமும் நலம்.

பயிற்சியில் இருப்போர் ஒவ்வொருவருக்கும் மனத்தை வழிவிலக்கும் சோதனையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் தரப்பட்டதாகவும், உனக்கு 'லூர்' (lure) என்னும் சொல் வாய்த்ததாகவும், ஜனவரி இறுதியில் அதைப் பற்றி எல்லோர் முன்பும் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கேரளத்துப் பெண்களுக்கு முன் நாக்குக் குழறும் என்ற அச்சத்தை விடு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அகராதியையும், தையல் இயந்திரத்தோடு வந்த கையேட்டையும் கொண்டே ஆங்கிலம் கற்றவள் உன் அத்தை. உனக்கு என்ன குறை?

பொருளை இப்போது தருகிறேன். பிறரை, தனக்கு வேண்டிய இடத்துக்கு, இனியது ஒன்றைக் காட்டி வரச்செய்தல். இதில் கட்டாயம் இல்லை. வருகிறவர் தம் காலாலேயே நடந்து வருவார். எலிப்பொறியை நினைத்துக்கொள். எலியைக் கொல்வது பொறி. எலியைக் கூப்பிடுவது கருவாட்டுத் துண்டு. 'லூர்' என்பது கருவாட்டின் வேலை.

உன் அப்பாவுக்குப் பனியில் குரல் சற்றுக் கம்மியிருக்கிறது. தக்காளி மண்டியில் நாள்தோறும் ஏலம் கூவுகிறவனுக்கு இது புதிதன்று. மண்டி முதலாளி மாதேஸ்வரன், "என்ன சவரி, நீ கூவறது தக்காளிக்கே கேக்கல" என்றாராம். "தக்காளிக்கு எதுக்குங்க கேக்கணும், வாங்கறவனுக்குக் கேட்டாப் போதும்" என்று இவன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

சொல்லின் பிறப்பு வேண்டுமாயின் எழுது, தேடித் தருகிறேன்.

என்றும் உன் நலம் விழையும்,
ஆக்சிலியா

&nbsp;

நவதுறவகம்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

இயேசுவின் பெயரால் வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். மூச்சுக்கு ஒன்றுமில்லை, கம்பளியும் வெந்நீரும் தருகிறார்கள். கருவாட்டுத் துண்டைப் படித்துவிட்டு மதரே சிரித்தார். "உங்கள் அத்தை எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். நான் பெருமையாக, "தையல் கடை" என்றேன்.

சொல்லின் பிறப்பும் வேண்டும் அத்தை. பேச்சை அதிலிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும்.

இங்கே மாதத்தின் முதல் ஞாயிறு மட்டுமே கடிதம் எழுதலாம். போன் கிடையாது, ஈஸ்டர் அன்று மட்டும் ஆளுக்கு ஒரு முறை வீட்டுக்குப் பேச விடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பு, ஒரே ஒரு முறை, மூன்று நாள் வீட்டுக்குப் போய்வரலாம். தக்க காரணம் எழுதிக்கொடுக்க வேண்டும். அதன் பிறகு மே மாதம் முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியராகும் வரை யாரும் வெளியே போவதில்லை. பலர் அந்த மூன்று நாளையும் வேண்டாம் என்று இறைவனுக்கு ஒப்புக்கொடுத்துவிடுகிறார்கள். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வீட்டை நினைக்கும்போது ஒப்புக்கொடுக்க மனம் வரவில்லை. மற்றவர்களைப் பார்க்கும்போது போகவும் மனம் வரவில்லை.

அப்பாவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுங்கள். குரல் சரியாகிவிடும்.

அன்பு மகள்,
அன்பரசி

&nbsp;

பெங்களூரு,
3 ஜனவரி 2025

அக்கா ஆக்சிலியாவுக்கு தம்பி சவரி கும்புட்டு எழுதறது.

நீ நல்லாருப்பேன்னு நம்பறேன். என் எழுத்தப் பாத்துச் சிரிக்காத. தொண்டைக்குள்ள குழாய உட்டுச் சதை எடுத்திருக்காங்க, கொஞ்ச நாளைக்கு வாயே தெறக்கக் கூடாதுன்ட்டாங்க. போன்ல பேச முடியல. அதான் தக்காளி லாரியோட வந்த குமாரு கையில இதக் குடுத்தனுப்பறேன்.

நாம நெனச்சதுதான். புத்துநோய். கொரல்வளைய முழுசா எடுக்கணுமாம். மார்ச்சு மாசம் தேதி குடுத்திருக்காங்க. எடுத்துட்டா உசுருக்குப் பயமில்லையாம், ஆனா அப்பறம் பேச்சு வராது. கழுத்துல ஓட்டை வச்சு அது வழியாத்தான் மூச்சு உடணும். டாக்டரம்மா நம்ம பொம்மிடிக்காரங்க, பேரு பிரியதர்ஷினி. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாங்க. ஏலம் கூவறேன்னு எழுதிக் காட்டினேன். அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சிருச்சு.

அன்புகிட்ட இதச் சொல்லாத அக்கா. மூணு வருசம் நான் அவள மடத்துக்குப் போக உடல. அழுதுக்கிட்டே உங்கிட்டத் தையல் பழகினா. கடைசியில பஸ் ஏத்தி உடறப்ப, "இனிமே உன்ன நான் இழுக்க மாட்டேன் தாயி"ன்னு சொன்னேன். இப்பச் சீக்குன்னு கேட்டா ஓடியாந்துருவா. வந்தா திரும்ப மாட்டா. அப்பனப் பாத்துக்க ஆளில்லன்னு மிசின்லயே உக்காந்துருவா. அவ ஆசைப்பட்டது என் தொண்டையால கெடக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணி எழுது.

அவளா வந்தா வரட்டும். வந்தா எங்கொரல்லயே நாலு வார்த்த பேசிக்குவேன். வரலன்னா சாமி உட்ட வழி.

திருவிழாவுக்கு வந்துருவேன். கோயில் ஏலத்த வேற யாருக்கும் குடுத்துராதன்னு சாமியாருகிட்டச் சொல்லு.

சவரி

&nbsp;

மாரண்டஹள்ளி,
6 ஜனவரி 2025

அன்புத் தம்பி சவரிக்கு, அக்காவின் ஆசி.

குமார் கொடுத்த கடிதத்தை அவன் எதிரிலேயே படித்தேன். அவன் திரும்பி லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளை.

நீ கேட்ட சத்தியத்தைச் செய்கிறேன். நோய், மருத்துவமனை, அறுவை ஆகிய சொற்கள் அன்பரசிக்கு நான் எழுதும் கடிதத்தில் இடம்பெறா. ஆயினும், 'அவளா வந்தா வரட்டும்' என்றும் நீ எழுதியிருப்பதைக் கவனித்தேன். அவளுக்குச் சாம்பல் புதனுக்கு முன் மூன்று நாள் விடுப்பு உண்டு. அவள் தானாகவே வருவதற்கு எந்தத் தடையும் உன் சத்தியத்தில் இல்லை. மீதியை என் எழுத்திடம் விடு.

கஞ்சியை ஆற்றிக் குடி. பேசாதே. இதற்குப் பதிலும் எழுதாதே. குமாரிடம் தலையசைத்தால் போதும்.

ஆக்சிலியா

&nbsp;

மாரண்டஹள்ளி,
12 ஜனவரி 2025

கிறிஸ்துவில் அன்புமிக்க மகளுக்கு அத்தையின் பொங்கல் வாழ்த்து.

நீ நலம் என்று எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கு நாங்கள் இறைவன் அருளால் இருக்கிறோம்.

சொல்லின் பிறப்பைத் தேட என் அட்டையில்லா அகராதி போதவில்லை. பாலக்கோட்டு நூலகத்தில் ஒரு முற்பகல் முழுதும் அமர்ந்து குறித்துவந்தேன். நூலகத்தில் இருக்கும் கோகிலவாணி, "தையக்காரக்காவுக்கு எதுக்குங்க இத்தாந்தண்டி இங்கிலீசுப் புக்கு?" என்றாள். "அளவெடுக்க" என்றேன்.

முற்காலத்தில் ஐரோப்பியச் சீமான்கள் வல்லூறுகளைப் பழக்கி வேட்டைக்கு விட்டார்கள். கையை விட்டுப் பறந்த வல்லூறு எவருடைய அதட்டலுக்கும் திரும்பாது. ஆகவே, நீண்ட கயிற்றின் நுனியில் இறகுகளைக் கொத்தாகக் கட்டி, அதில் இறைச்சித் துண்டு வைத்து, தலைக்கு மேலே சுழற்றுவார்கள். பழக்கும் காலத்தில் அந்தக் கொத்திலிருந்தே இரை தின்ற பறவை, எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அதைக் கண்டவுடன் இறங்கிவரும். அந்த இறகுக்கொத்தின் பெயர்தான் 'லூர்'. பழைய பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முந்தைய ஜெர்மானிய வேருக்கு 'அழைத்தல்' என்று பொருள் கூறுகிறார்கள். எனவே மகளே, தொடக்கத்தில் இச்சொல்லுக்கும் வஞ்சகத்துக்கும் தொடர்பில்லை. தன்னிடமிருந்து பறந்துபோன தன் பறவையைத் திரும்ப அழைப்பதற்கான கருவி அது. ஏமாற்று என்ற கறை பிற்பாடு படிந்தது. இக்கருத்தை உன் பேச்சில் அழுத்திச் சொல்.

இனி வீட்டுச் செய்தி. பந்தல் அவரை இவ்வாண்டு கொத்துக்கொத்தாய்க் காய்த்துத் தொங்குகிறது. பறிக்க ஆளில்லாமல் முற்றுகிறது. முற்றியதை ஊறவைத்துத் தோல் பிதுக்கி, ராகிக் களியோடு நீ விரும்பும் அந்தக் குழம்பை நேற்று வைத்தேன், பாதி மிஞ்சியது. வெள்ளாடு இரட்டைக்குட்டி ஈன்றிருக்கிறது. ஒன்றின் நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் வெள்ளை. அதற்குப் பெயர் வைக்கும் உரிமையை உனக்காக ஒதுக்கியிருக்கிறேன். உன் கட்டில் மெத்தையை வெயிலில் உதறிப் போட்டேன். காரணம் ஏதுமில்லை, வெயில் நன்றாக இருந்தது.

பிப்ரவரி ஒன்பதாம் நாள் ஞாயிறு நம் செபஸ்தியார் திருவிழா. கோயிலுக்கு வரும் காணிக்கைகளை, கோழி முதல் பூசணிக்காய் வரை, வழக்கம்போல் உன் அப்பாவே ஏலம் விடுகிறான். சிறு பெண்ணாக மேசைக்கடியில் அமர்ந்துகொண்டு, யார் எதைக் கேட்டாலும் நீயும் ஒரு விலை கூவுவாயே, அது ஊராருக்கு இன்னும் நினைவிருக்கிறது. இவ்வாண்டு ஏலத்தை நீ கேட்க வேண்டும் என்பது என் பெருவிருப்பம். அடுத்த ஆண்டும் திருவிழா வருமே என்று எண்ணாதே. ஓராண்டு போல் மற்றோராண்டு அமைவதில்லை.

அந்த மூன்று நாள்களை இந்தத் திசைக்குத் திருப்பினால் என்ன? தக்க காரணம் எழுத வேண்டும் என்றாயே. 'அத்தையின் ஆசை' என்று எழுது.

வருகையை எதிர்நோக்கும்,
ஆக்சிலியா

&nbsp;

நவதுறவகம்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உடல்நலத்துக்குக் குறைவில்லை. நீங்களும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பேச்சு நன்றாக முடிந்தது. இறகுக்கொத்தைச் சுழற்றிக் காட்ட எங்கள் துடைப்பத்தையே எடுத்துக்கொண்டேன், எல்லோரும் சிரித்தார்கள். முடிவில் மதர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பறவைக்கு எது சோதனை, இறைச்சியா, பழக்கமா?"

அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தேன். குழம்பு, ஆட்டுக்குட்டி, மெத்தை, திருவிழா. எனக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டிச் சுழற்றியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை. படிக்கும்போது அவ்வளவு ஆசையாக இருந்தது, அதனால்தான் பயந்துவிட்டேன். குழம்புக்காக ஒருத்தி மலையிறங்கி வந்தால், நாளை எதற்காகத்தான் இறங்கமாட்டாள்?

மூன்று நாளையும் ஒப்புக்கொடுத்துவிட்டேன்.

மதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் உண்மையான காரணம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் போய்வா, அது பாவமில்லை" என்றார். "இல்லை மதர். இருந்தால் என் அத்தை எழுதியிருப்பார். சொல்ல வேண்டியதை மறைப்பவர் அவரில்லை" என்று சொன்னேன். அவர் என் தலையில் சிலுவை அடையாளம் இட்டார்.

தவக்காலத்தில் நான் கடிதம் எழுதுவதுமில்லை, வருவதைப் படிப்பதுமில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஈஸ்டர் அன்று போனில் பேசுகிறேன். அப்பாவின் ஏலத்தைப் பற்றி மட்டும் அதற்கு முன் எழுதிவிடுங்கள்.

ஆட்டுக்குட்டிக்கு 'வெள்ளி' என்று பெயர் வையுங்கள்.

அன்பு மகள்,
அன்பரசி

&nbsp;

மாரண்டஹள்ளி,
16 பிப்ரவரி 2025

இறையன்பில் உறுதிபெற்ற மகளுக்கு, அத்தை எழுதுவது.

திருவிழா முடிந்து ஒரு வாரம் தாழ்த்தி எழுதுவதைப் பொறுத்தருள்க. நீ நலம் என அறிந்தேன். இங்குச் சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஏலத்தைப் பற்றிக் கேட்டாய்.

தேர் நிலைக்கு வந்ததும் மேசை போட்டார்கள். உன் அப்பா புது வேட்டி கட்டி, கழுத்தில் மப்ளர் சுற்றி ஏறி நின்றான். ஒலிபெருக்கியை வேண்டாம் என்று தள்ளிவிட்டான். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. தேங்காய்க் குலை, வாழைத்தார், நம் ஊர்ச் சந்தையிலிருந்து வந்த முள்ளங்கிக் கட்டு என ஒவ்வொன்றாய்ப் போயிற்று. ஆரம்பத்தில் குரல் கரகரத்தது, போகப்போக ஏறியது. அவ்வாறு அவன் கூவி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்து மதிலருகே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். லாரிக் குமார் முழுவதையும் போனில் எடுத்து வைத்திருக்கிறான்.

கடைசியாக ஒரு சேவல். மாதேஸ்வரன் ஆண்டுதோறும் நம் திருவிழாவுக்கு வந்து சேவலை எடுப்பவர் என்பது உனக்குத் தெரியும். அவர் விலை கேட்ட பின் போட்டி இல்லை. உன் அப்பா, "ஒரு தரம்" என்றான். "ரெண்டு தரம்" என்றான். பின் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. சேவல் கொக்கரித்தது. குமார் கூட்டத்திலிருந்து, "என்னண்ணே, மூணாவதுக்குத் தனி ரேட்டா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. மேசையருகே சென்று உன் அப்பாவின் கையிலிருந்து சேவலை வாங்கிக்கொண்டு, "மூணு தரம். நானே சொல்லிக்கறேன் சவரி, நீ எறங்கு" என்றார்.

உன் முடிவைக் குறித்து நான் கூற ஒன்றுமில்லை. வீட்டில் காரணம் உண்டா என்ற மதரின் கேள்விக்கு நீ அளித்த பதிலைப் பலமுறை படித்தேன். சாம்பல் புதனுக்கு இன்னும் சில நாள்கள் இருக்கின்றன என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இங்குப் பகல்கள் இப்போதே சூடேறிவிட்டன. அவரைப் பந்தல் காய்ந்துவருகிறது.

உன் நோன்பு இனிதே நிறைவேற இறைவனை இறைஞ்சும்,
ஆக்சிலியா

&nbsp;

மாரண்டஹள்ளி,
22 ஏப்ரல் 2025

எந்தாயி அன்புக்கு அப்பா எழுதறது.

நான் உனக்கு எழுதற மொதல் காயிதம். நல்லாருக்கியா? நான் உசுரோட நல்லாத்தான் இருக்கேன், அத மொதல்ல மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தப் படி.

ஈஸ்டர் அன்னிக்கு நீ போன் பண்ணே. அத்த எடுத்துச்சு. அப்பாகிட்டக் குடுங்கன்னே. மண்டிக்குப் போயிட்டாருன்னு சொல்லுச்சு. ஈஸ்டர் அன்னிக்கு நான் எந்தக் காலத்துல தாயி மண்டிக்குப் போயிருக்கேன்? நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சு, எல்லாங் கேட்டேன். "அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசணும்னு இருந்துச்சு, பரவால்ல"ன்னு சொன்னே. அந்தப் பரவால்ல என்னச் சோறு திங்க உடல.

எனக்குத் தொண்டையில புத்துநோய் வந்துருச்சு. மார்ச்சு மாசம் பெங்களூர்ல கொரல்வளைய எடுத்துட்டாங்க. நோய் போயிருச்சு. பேச்சும் போயிருச்சு. கழுத்துல ஓட்டை வழியா மூச்சு உடறேன், பழகிக்கிட்டேன். மாதேஸ்வரன் என்ன மண்டியில கணக்குப் பக்கம் உக்கார வச்சிருக்காரு. சிலேட்டுல எழுதிக் காட்டறேன்.

மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நர்சம்மா வந்து, "பல்லு கட்டினதுங்களா?"ன்னு கேட்டுச்சு. "இல்லீங்க, சொந்தப் பல்லு"ன்னேன். நான் கடைசியாப் பேசினது அதான். உங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணு ரெண்டு நெனச்சு வச்சிருந்தேன். பல்லப் பத்திப் பேசித் தீந்துபோச்சு.

அத்தமேல கோவப்படாத. சத்தியம் வாங்கினது நானு. இப்ப ஓடியாராத. மே மாசம் உன் வார்த்தைப்பாட்டுக்கு நாங்க வர்றோம். நீ போட்ட கோட்டுலயே போ.

அப்பா

&nbsp;

நவதுறவகம்,
4 மே 2025

அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

அப்பாவின் கடிதத்தை மதர் என்னை அருகில் உட்காரவைத்துக் கொடுத்தார். படித்து முடித்ததும் போனைக் கையில் தந்துவிட்டு வெளியே போய்விட்டார். அடித்தேன். எடுத்தது அப்பாதான் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. மழையைப் பற்றியும் சமையலைப் பற்றியும் பேசினேன். அவர் மேசையைத் தட்டினார். நான் எதையும் கேள்வியாகக் கேட்காமல் பார்த்துக்கொண்டேன். உங்களிடம் கொடுக்கச் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சொல்லுக்காகப் பாலக்கோட்டு நூலகம் வரை போய் வேர் கண்டுபிடித்தீர்கள். 'அப்பாவுக்குப் புற்றுநோய், பேச்சுப் போகப்போகிறது, வா' என்று எழுத உங்களிடம் சொல் இல்லாமலா போயிற்று? குழம்பைப் பற்றி எழுதினீர்கள். நான் குழம்பைத்தான் வேண்டாம் என்றேன். அப்பாவை அல்ல.

மதர் கேட்ட அன்று உங்கள் பெயரால் சாட்சி சொன்னேன். அதற்காக அவர் எனக்கு ஆசி கொடுத்தார். அந்த ஆசியை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

வந்திருந்தால் திரும்பி இங்கே வந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உங்கள் பக்கத்து மிசினிலேயே உட்கார்ந்திருப்பேன். அது என் சோதனை. அதில் ஜெயிப்பதோ தோற்பதோ என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் இருவரும் அதை எனக்கு வராமலே செய்துவிட்டீர்கள்.

திருவிழா ஏலத்தைக் குமார் போனில் எடுத்து வைத்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், அதைக் கேட்டு ஆறுதல் அடையச் சொல்லாதீர்கள். அதில் சேவலின் விலை இருக்கும். என் பெயர் இருக்காது.

வார்த்தைப்பாடு மே 31. கொடுக்கிறேன். அப்பா வரட்டும்.

அன்பரசி

&nbsp;

மாரண்டஹள்ளி,
11 மே 2025

அன்பரசிக்கு, அத்தை.

கடிதம் கிடைத்தது. உன் அப்பா நலம். கழுத்துப் புண் ஆறிவிட்டது. இரவில் இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை.

சத்தியம் என்னைத் தடுத்தது என்று முதலில் எழுதினேன். அது முழு உண்மை இல்லாததால் கிழித்துவிட்டேன். திருவிழாவுக்கு மறுநாளே தம்பியிடம் அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஏலத்தின் இறுதியில் அவன் நின்ற நிலையைப் பார்த்தவள் நான், கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்கவில்லை. காரணம் சொல்லாமலே உன்னை என் எழுத்தால் வரவழைத்துவிட முடியும் என்று நம்பினேன். நீ மறுத்த பிறகும், இன்னும் நன்றாக எழுதினால் வருவாய் என்றே நம்பினேன். அவனிடம் போய்க் கேட்டால் என் எழுத்து தோற்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு நான் இணங்கவில்லை. அவ்வளவுதான்.

ஈஸ்டர் அன்று சொன்னது பொய். அவன் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான், சொல்லிவிடு என்று. நான் அதை, 'சொல்லாதே' என்று எடுத்துக்கொண்டேன்.

மன்னிக்கும்படி கேட்கமாட்டேன். உனக்கு அது இன்னொரு கடமையாகிவிடும்.

இப்போது ஒரு காரியம். வார்த்தைப்பாட்டுச் சடங்கின் முறையை மதர் அச்சடித்து அனுப்பியிருக்கிறார். உன் பெயரைக் கூப்பிட்டதும், பெற்றவர் எழுந்து, கோயில் முழுதும் கேட்கும்படி, 'எங்கள் மகளை மனமுவந்து கையளிக்கிறோம்' என்று சொல்ல வேண்டுமாம். தம்பி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் மடித்து மடித்து வைத்திருந்தான். பிறகு சிலேட்டில், 'நீ சொல்லு அக்கா' என்று எழுதினான். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றேன். அவன் துடைத்துவிட்டு மறுபடியும் அதையே எழுதினான். மாதேஸ்வரனைக் கேட்கலாம் என்றேன். "ஏங்க, நான் வேற சாமி கும்பிடறவன், நான் எப்படிங்க அங்க எழுந்து சொல்றது? வளத்தவங்க நீங்கதானே சொல்லணும்" என்றார்.

உன்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நான் எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. 'மனமுவந்து' என்று நான் சொன்னால் நீ அதை நம்புவாயா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல நேர்ந்தால் உண்மையாகவே சொல்வேன். அதற்கு மேல் உறுதி தர என்னிடம் எதுவும் இல்லை.

யார் சொல்வது என்பதை நீதான் முடிவுசெய்ய வேண்டும். நான் என்றால் தம்பியின் பக்கத்தில் நிற்கிறேன். வேறு யாராவது என்றால் பின்வரிசையில் உட்காருகிறேன். நான் வர வேண்டாம் என்றால், அவனைச் சேலத்தில் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். குமார் துணைக்குப் போவான்.

மதர் முதல் ஞாயிறு வரை காத்திருக்கச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.

ஆக்சிலியா